கரும்புச் சாம்பலும் ஒரு கமாவும்: பழைய க்ரோனோகிராஃபோடு எட்டு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த க்ரோனோகிராஃப் பெட்டியைச் செய்த கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. திட்டவும் போகிறேன், பாராட்டவும் போகிறேன். பெயர் போட்டுச் செய்து வம்பை விலைக்கு வாங்கத் தெம்பில்லை. எப்படியும் இந்த வகைப் பெட்டிகள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நடுவில் கீல் வைத்து மடக்குகிற தகரப் பெட்டி, மேலே இரண்டு கண், ஒவ்வொரு கண்ணின் இருபுறமும் கம்பி, கம்பிக்கு மேல் வெள்ளை பிளாஸ்டிக் கூரை, அடியில் 9 வோல்ட் பேட்டரி. துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டு வினாடிக்கு எத்தனை அடி வேகத்தில் போகிறது என்று சொல்லும்.

எனக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம். சர்க்கரை ஆலை இன்ஸ்ட்ருமென்ட் வேலை. பதினோரு வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் இருக்கிறேன். பிரஷர், டெம்பரேச்சர், ஃப்ளோ என்று நாள் முழுக்க மீட்டர்களோடு மாரடிக்கிறவன், சனிக்கிழமையும் ஒரு மீட்டரோடு மாரடிக்கக் காசு கொடுத்தேன் என்றால் என் மனைவி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

வாங்கிய காரணம் இது. என்னுடையது .177 பிசிபி ஏர் ரைஃபிள், அதாவது டாங்கில் அடைத்த காற்றால் சுடுவது; அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இல்லாதது. 200 பார் வரை காற்று ஏற்றிவிட்டுச் சுட்டால் முதல் பத்துக் குண்டு 40 மீட்டரில் கொஞ்சம் கீழே விழும். அப்புறம் ஒரு இருபது குண்டு சொன்ன இடத்தில் விழும். அப்புறம் மறுபடி கீழே. காற்று குறையக் குறைய வேகம் குறையும் என்றால் கடைசியில் கீழே விழுவது புரிகிறது. முதலில் ஏன்? அதற்கும் காரணம் உண்டு: டாங்கில் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போது சுத்தியல் அடித்தும் வால்வு முழுசாகத் திறக்காது, காற்று கொஞ்சமாகத்தான் வெளியே வரும். அழுத்தம் இறங்கி ஒரு பதத்துக்கு வரும்போதுதான் வேகம் உச்சிக்குப் போகும். அந்தப் பதம் எத்தனை பாரில் ஆரம்பித்து எத்தனை பாரில் முடிகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் குறித்து கிராஃப் போட வேண்டும். நாற்பது எண்களைக் கையால் எழுதலாம். எனக்குச் சோம்பல். கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கேபிளோடு விற்ற ஆளிடம் 1,800 ரேண்டுக்கு இதை வாங்கினேன். அவர் ரேடார் வகைக்கு மாறிவிட்டார். போகிற போக்கில் ஒரு சிடியும் கொடுத்தார். சிடி! அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பெட்டி வேலை செய்கிற விதம் ரொம்ப எளிமை. இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு அடி. குண்டின் நிழல் முதல் கண்ணைக் கடந்ததும் கடிகாரம் ஓடும், இரண்டாவதைக் கடந்ததும் நிற்கும். 780 அடி வேகத்தில் போகிற பெல்லட்டுக்கு அந்த ஒரு அடியைக் கடக்க 1.28 மில்லிசெகண்ட். அவ்வளவுதான். வகுத்துச் சொல்ல வேண்டியதுதான் பெட்டியின் வேலை. எங்கள் ஆலையில் தண்டு சுற்றும் வேகத்தைப் பார்க்கிற சென்சாரும் இதே குடும்பம்தான். அதனால் ஒரு விஷயம் உடனே உறைத்தது: அந்த ஒரு அடி நிஜமாகவே ஒரு அடியாக இருக்க வேண்டும். கீலில் மணல் மாட்டிப் பெட்டி முழுசாக விரியாமல், கண்கள் இரண்டும் ஒரு மில்லிமீட்டர் நெருங்கினாலே எண் இரண்டரை அடி கூடும். பெட்டியைக் குண்டு போகிற வழிக்குப் பத்து டிகிரி சாய்த்து வைத்தால் பன்னிரண்டு அடி குறையும். ஒவ்வொரு தடவையும் கீலைத் துடைத்து, சின்ன மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

சுடுவதற்கு இடம், எங்கள் பக்கத்து மேட்டில் கரும்பு போட்டிருக்கும் ஒரு பெரியவரின் நிலம். எழுபதைத் தாண்டியவர். இங்கேயே நாலாவது தலைமுறை. வீட்டில் இங்கிலீஷ்தான், ஆனால் என்னைக் கண்டால் அவருடைய ஆயாவிடமிருந்து வந்த தமிழை எடுத்துவிடுவார், அதில் இன்னும் வடாற்காட்டு வாசனை இருக்கும். நான் அவரை அங்கிள் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

முதல் நாள் காலை எட்டு மணி. பக்கியின் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) பின்பலகையை இறக்கி அதன்மேல் ரைஃபிளை வைத்து, முன்னால் முக்காலியில் பெட்டி, அதற்குப் பின்னால் மணல் மூட்டை. பத்து குண்டில் ஆறுக்குப் பிழை. திரையில் பிழை 2, அதாவது முதல் கண் பார்த்தது, இரண்டாம் கண் பார்க்கவில்லை. சாய்ந்த வெயில் நேராகக் கண்ணுக்குள் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போதாமல் போவதைவிட, தப்பான பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம்தான் இதற்கு எதிரி. வெள்ளைக் கூரையை மாட்டினேன், ஆறு மூன்றாக இறங்கியது. சூரியன் உச்சிக்கு வந்த பிறகு ஒன்றுகூட இல்லை. மேகம் மூடிய நாள்தான் இந்தப் பெட்டிக்கு முகூர்த்த நாள். அன்றைக்குக் கூரையே வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை நல்ல மேகம். ஆனாலும் பிழை. அதுவும் யாரும் சுடாமலே பிழை. நான் பேட்டரியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. வயரை ஆட்டிப் பார்த்தேன். மறுபடி ஆன் செய்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை, அப்புறம் திரையில் தானாகப் பிழை 2. பெரியவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நடந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, இரண்டு விரலால் எதையோ எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். விரல் நீளத்துக்குக் கருப்பாக, காகிதம் மாதிரி ஒரு சருகு. தொட்டதும் பொடிந்தது.

“சாம்பலு தம்பி. அந்தாண்ட கொல்லையில கொளுத்தியிருக்காங்கோ.”

இங்கே கரும்பை வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்திவிடுவார்கள். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை அரவைக் காலம் முழுக்க, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து ஊரில் கருப்புப் பனி கொட்டும். என் மனைவி துணி காயப்போடுவதற்கு முன் மலையடிவாரத்தைப் பார்ப்பதே புகை தெரிகிறதா என்றுதான். அந்தச் சாம்பலை உண்டாக்குகிற தொழிலில் சம்பளம் வாங்குகிற எனக்கு, அது முதல் கண்ணுக்கு மேலே மெதுவாக மிதந்து இறங்கி கடிகாரத்தை ஓட விட்டுவிட்டுப் போகும் என்று தோன்றவில்லை. இரண்டாம் கண்ணின் பிளவில் இன்னொரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். இப்போது அது பையிலேயே இருக்கிறது. எந்த மேனுவலிலும் கரும்புச் சாம்பல் என்று ஒரு வரி இருக்காது.

இன்னும் சில தொல்லைகள், சுருக்கமாக. ஒரு நாள் 1,130 என்று காட்டியது. என் ரைஃபிள் அந்த வேகத்தைக் கனவிலும் காணாது. துப்பாக்கி வாயைப் பெட்டிக்கு அரை மீட்டரில் வைத்திருந்தேன். பிசிபியிலிருந்து வெளியேறும் காற்று விரியும்போது சட்டென்று குளிரும். டர்பன் கடற்கரை ஈரக் காற்றில் அது வாய்க்கு முன்னால் ஒரு கொட்டாவி அளவு மூடுபனியாகத் தெரியும். அந்த மூடுபனியைப் பெட்டி குண்டு என்று நினைத்துவிட்டது. ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வைத்தேன், போய்விட்டது. வெடிமருந்துத் துப்பாக்கிக்காரர்கள் மூன்று மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், அங்கே புகையும் வாயுவும் இன்னும் மோசம்.

பேட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவுப் பேட்டரி சும்மா இருக்கும்போது 8.6 காட்டும், பெட்டி இழுக்கும்போது ஏழரைக்குச் சரியும், சாயங்காலமானால் பிழையாக வரும். நல்ல ஆல்கலைன் போடுங்கள். சார்ஜ் செய்கிற 9 வோல்ட் பேட்டரி என்று விற்பதில் சிலது உண்மையில் 7.2 வோல்ட்தான்.

பெட்டியின் முன் விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது நான் போட்டது. டெலஸ்கோப் வழியே பார்த்தால் வழி துப்புரவாக இருந்தது; ஆனால் குழாய் டெலஸ்கோப்புக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்பதைக் குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுப்பேன், எனக்கு மறந்துவிட்டது. தகரம் பிழைத்தது, ஒரு கம்பி வளைந்தது. அன்றிலிருந்து இரும்புக் கம்பிகளை எடுத்துவிட்டு சொசாட்டி என்கிற இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடுகிற மூங்கில் குச்சியை வைத்திருக்கிறேன். பட்டால் குச்சி முறியும், குண்டு நம் பக்கம் திரும்பாது. நூறு குச்சி ஒரு பாக்கெட்.

கராஜுக்குள் வைத்துப் பார்த்தது தனிக் கதை. ட்யூப்லைட்டுக்குக் கீழே சும்மா வைத்தாலே பைத்தியம் பிடித்த மாதிரி எண்களை அள்ளிவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு நூறு தடவை மங்கி எரிகிறது, நம் கண்ணுக்குத் தெரியாது, அதன் கண்ணுக்குத் தெரியும். லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய 12 வோல்ட் பேட்டரியும் எல்இடி பட்டையும் சும்மா கிடந்தன. டிசியில் மினுக்கல் கிடையாது. பட்டையை வெள்ளைக் கூரைக்கு மேலே ஒட்டினேன், வெளியில் கிடைப்பதைவிடச் சுத்தமாக எண் வந்தது. நாடே இருட்டில் உட்கார்ந்திருந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

இதுவரைக்கும் பெட்டிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் வெளிச்சம், காற்று, நான். இனிமேல்தான் திட்டு.

கேபிளின் மறுமுனை ஒன்பது ஊசி சீரியல். என் லேப்டாப்பில் அந்த வாய் கிடையாது, இன்றைக்கு எந்தச் சாதாரண லேப்டாப்பிலும் கிடையாது. மாலில் ஒரு கடையில் யூஎஸ்பி மாற்றி 180 ரேண்டுக்கு வாங்கினேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். உள்ளே இருந்தது ஒரு பிரபல சிப்பின் போலி, டிரைவர் அதைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுத்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், கவரைப் பிரித்துவிட்டீர்களே என்றார்கள். பிரிக்காமல் எப்படிச் சொருகுவது என்று கேட்டேன், மேனேஜர் லஞ்சுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஆலை ஸ்டோரில் பழக்கமான எஃப்டிடிஐ சிப் போட்ட கேபிள் ஒன்று வாங்கினேன், சொருகியதும் ஓடியது.

ஓடியது என்று எப்படித் தெரியும்? இது என் தொழில் வித்தை, இலவசமாகத் தருகிறேன். கேபிளின் ஒன்பது ஊசி முனையில் 2, 3 இரண்டு ஊசிகளையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு டெர்மினல் நிரலைத் திறந்து ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிட்டு, எதையாவது தட்டுங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வரும். தட்டினது திரையில் தெரிந்தால் மாற்றியும் டிரைவரும் நல்லவை. தெரியாவிட்டால் க்ரோனோகிராஃபைக் குறை சொல்லாதீர்கள். இந்த ஒரு சோதனை தெரியாமல் எத்தனை பேர் நல்ல பெட்டியைக் குப்பையில் போட்டிருப்பார்களோ.

சிடியில் இருந்த நிரல் காம் 1 முதல் காம் 4 வரையிலான போர்ட்டுகள்தான் தெரியும் என்றது. விண்டோஸ் எனக்குக் கொடுத்திருந்தது காம் 17. டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்ட் பக்கம் போய் காம் 3 ஆக மாற்றினேன். நிரல் திறந்தது, முதல் எண்ணைக் கேட்டது, செத்துப்போனது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஆத்மா, தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டேன். டெர்மினல் நிரலிலேயே நேராகக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். 9600 வேகத்தில் வைத்தால் கட்டம் கட்டமாக, தலைகீழ்க் கேள்விக்குறியாக ஏதோ கொட்டியது. அது நல்ல சகுனம். குப்பை வருகிறது என்றால் கம்பி சரி, பாட் ரேட் என்கிற அந்த வேகம் மட்டும் தப்பு. 4800, குப்பை. 2400, சுத்தமான எண். ஒவ்வொரு வரியிலும் குண்டின் வரிசை எண், ஒரு கமா, வேகம். 42 குண்டு, 42 வரி. சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, எக்செலில் இரட்டைத் தட்டு தட்டி, சராசரி போட்டேன்.

22,27.

வினாடிக்கு இருபத்திரண்டு அடி. கையால் எறிந்தாலே அதைவிட வேகமாகப் போகும். அரை மணி நேரம் பெட்டியைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் கேபிளை, அப்புறம் என்னை. ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இது என்ன ஒண்ணு கமா ஏழு நாலு எட்டு?”

“ஒண்ணாவது குண்டு, 748 அடி.”

“இல்லப்பா. இங்க டெசிமலுக்குப் புள்ளி போட மாட்டோம், கமாதான். உன் கம்ப்யூட்டர் அதை ஒண்ணே முக்கால்னு படிக்குது.”

தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்குக் கமா. விண்டோஸில் நாட்டைச் சவுத் ஆப்பிரிக்கா என்று வைத்தால் அதுவும் அதையே பின்பற்றும். வரிசை எண்ணையும் வேகத்தையும் பிரிக்கப் பெட்டி போட்ட கமாவை எக்செல் தசமமாக எடுத்து, இரண்டையும் ஒட்டி ஒரே எண்ணாக்கிவிட்டது. 760 அடி என்ற இடத்தில் கடைசி சைபர்கூடக் காணவில்லை, தசமத்துக்குப் பிறகு வரும் சைபருக்கு என்ன மரியாதை. மருந்து சின்னது: கோப்பை நோட்பேடில் திறந்து எல்லாக் கமாவையும் அரைப்புள்ளியாக மாற்றிச் சேமித்தால் இந்த ஊர் எக்செல் தானாக இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளும். அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் ஆனது. ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, உங்கள் விண்டோஸ் புள்ளியில்தான் நிற்கும்.

கிராஃப் வந்தபோது எட்டு வாரம் ஆகியிருந்தது. 200 பாரில் முதல் குண்டு 748. ஏறி ஏறிப் பத்தொன்பதாவது குண்டில் 784, அப்போது அழுத்தம் சுமார் 165. அங்கிருந்து இறங்கி 42வது குண்டு 741, 110 பாரில். ஒன்பதிலிருந்து இருபத்தொன்பது வரைக்கும் மேடு கிட்டத்தட்டச் சமதளம், எல்லாம் 16 அடிக்குள். அதனால் இப்போது 185க்கு மேல் ஏற்றுவதே இல்லை, இருபது குண்டோடு நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றுகிறேன். 40 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே விழுந்துகொண்டிருந்த அந்த முதல் பத்துக் குண்டுக்கு நான் டெலஸ்கோப்பை மூன்று தடவை திருகியிருக்கிறேன். மூன்றாவது பத்தியில் சக்தியும் போட்டுக்கொண்டேன்: பெல்லட் எடையை கிரெய்னில் வைத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240ஆல் வகுத்தால் அடி-பவுண்ட். 8.44 கிரெய்ன் பெல்லட் 780 அடியில் 11.4, ஜூலில் பதினைந்தரை.

எண்ணை நம்பலாமா? ஒரு நண்பர் கார்மின் ஸீரோ வைத்திருக்கிறார், உள்ளங்கையில் அடங்குகிற ரேடார். வெளிச்சம், சாம்பல், குச்சி எதுவும் அதற்குக் கவலையில்லை. பக்கத்தில் வைத்தால் போதும், எண்கள் ப்ளூடூத்தில் நேராகப் போனுக்குப் போய்விடும். இரண்டையும் வைத்து ஒரே இருபது குண்டு சுட்டோம். என்னுடையது ஒவ்வொரு குண்டுக்கும் மூன்று, நாலு அடி குறைவாகக் காட்டியது. அது பிழையில்லை. ரேடார் குழாய் வாயில் என்ன வேகம் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. என் பெட்டி ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, இந்தச் சின்னப் பெல்லட் அடிக்கு ஒரு அடி வேகம் போல இழந்துகொண்டே போகும். கணக்குச் சரியாக உதைத்தது. விலையோ நான் கொடுத்ததைப்போலப் பல மடங்கு.

ஆகவே: நோட்டும் பென்சிலும் உள்ளவர்கள் பழைய பெட்டி ஒன்று கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், கீலும் இரண்டு கண்ணும் மட்டும் பார்த்து வாங்குங்கள். கேபிள் இருக்கிறதே, கம்ப்யூட்டரில் ஏற்றலாமே என்பதற்காக ஒரு ரேண்ட்கூட அதிகம் கொடுக்காதீர்கள். அந்தக் கேபிளை ஓட்டுவதற்கு நான் செலவழித்த சனிக்கிழமைகளைக் கணக்குப் போட்டால் ரேடாரே மலிவு. பெட்டிக்கு ஐந்துக்கு நாலு, கேபிளுக்கு ஒன்று, சிடியைக் காக்கா விரட்டக் கட்டியிருக்கிறேன்.

போன மாதம் பெரியவர் தன்னுடைய ஸ்பிரிங் ரைஃபிளைக் கொண்டுவந்தார். அவர் அப்பா வாங்கிக் கொடுத்தது, ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும், கட்டையில் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கருத்திருக்கிறது. எண்ணூறு அடிக்குக் குறையாது என்று நான் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். மேகம் மூடிய நாள், புகை இல்லை, புதுப் பேட்டரி, மட்டம் பார்த்தாகிவிட்டது. ஐந்து குண்டு சுட்டார். 508, 512, 505, 511, 509. பிழை ஒன்றுகூட இல்லை.

திரையைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பொட்டி கெட்டுப்பூட்டுது தம்பி,” என்றார், “அந்தச் சாம்பலு உள்ள பூந்திருக்கும்.”

ஆமாம் அங்கிள் என்று சொல்லிப் பஞ்சுக்குச்சியை எடுத்தேன்.